வெள்ளிச்சியும் காட்டுக்கோழி இறகும்: தாம்பரம் பக்கத்து ஏரிகளில் ஃப்ளை தூண்டில்

ஃப்ளை ஃபிஷிங் என்றதும் மனசில் வருகிற படம் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்து மாதிரி ஒரு குளிர்ப்பிரதேசம், கண்ணாடி போல ஓடை, இடுப்புவரை ரப்பர் கால்சட்டை போட்ட ஒரு துரை, காற்றில் வளைந்து நெளியும் கயிறு. நம்மூரில் என்றால் அதிகபட்சம் ஊட்டி, அவலாஞ்சி. சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் அதைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். ஏரியில் ஆகாயத்தாமரையும் சாக்கடையும்தான் இருக்கு, இதில் ஃப்ளையாவது ஒண்ணாவது என்பார்கள்.

ஆனால் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் ஏரிகளில் வாழும் மீன்களை இறகு சுற்றிய முள்ளால் பிடிக்கலாம் என்பது 1870, 80களிலேயே அச்சில் வந்துவிட்ட சங்கதி. சொன்னவர் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ஒரு கலெக்டர். அந்தத் தூண்டிலுக்கான இறகும் மூங்கிலும்கூட இங்கிருந்துதான் இங்கிலாந்துக்கே போயின. கொஞ்ச நாளாக இதைப் பற்றிக் குறிப்பு சேர்த்து வருகிறேன். சேர்க்கச் சேர்க்க, இது துரைமார் பொழுதுபோக்கின் கதையாக எனக்குத் தெரியவில்லை. யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத சில சின்ன மீன்களின் கதையாகத்தான் தெரிகிறது.

முதலில் தொழில்நுட்பம். நம்ம சாதா தூண்டிலில் தங்கூஸ், தக்கை, ஈயக்குண்டு, முள், முள்ளில் மண்புழுவோ மைதா உருண்டையோ இருக்கும். வீசும்போது குண்டின் கனம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை என்பது முள்ளின் மேல் நூலும் ரோமமும் இறகும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. அதற்குக் கனமே கிடையாது. வெறும் கையால் எறிந்தால் மூணடி தாண்டாது. அதனால் கனத்தைக் கயிற்றுக்கே கொடுத்துவிட்டார்கள். நடுவில் தடித்து நுனியில் மெலிந்த கயிறு, வளையக்கூடிய நீளக் கழி. கழியை முன்னும் பின்னும் ஆட்டினால் கயிறு சாட்டை மாதிரி விரிந்து, நுனியில் இருக்கும் பூச்சி தண்ணீர்மேல் மெதுவாக இறங்கும். மீன் அதை நிஜப்பூச்சி என்று நம்பி மேலே வரவேண்டும்.

மீன் மேலே வரவேண்டும், கண்ணால் பார்த்து வரவேண்டும். இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இந்த உத்தி எவ்வளவு பழசு என்றால், கி.பி. 200 வாக்கில் ரோமில் இருந்த ஏலியன் என்பவர் விலங்குகள் பற்றி எழுதிய நூலில் மாசிடோனியாக்காரர்கள் இப்படி மீன் பிடித்ததை விவரிக்கிறார். முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் மெழுகு நிற இறகு இரண்டைச் சேர்த்துக் கட்டுவார்களாம். சேவல் இறகு, மெழுகு நிறம். இதைப் படித்தபோது எனக்கு நம்மூர்க் காட்டுக்கோழி ஞாபகம்தான் வந்தது.

சாம்பல் காட்டுக்கோழி இந்தியத் தீபகற்பத்தில் மட்டும் வாழும் பறவை. அதன் அறிவியல் பெயரில் இருப்பவர் பாண்டிச்சேரியில் காலம் கழித்த பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னராத். சேவலின் கழுத்து இறகுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் நுனியிலும் மெழுகைச் சொட்டுவிட்டது போல வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் இருக்கும். அந்த இடத்தில் இறகு இறகாகவே இருக்காது. இழைகள் ஒட்டி, பளபளப்பான தகடாகிவிட்டிருக்கும். விக்டோரியா காலத்து சால்மன் ஃப்ளை கட்டுகிறவர்களுக்கு இது பொக்கிஷம். பொய்ப்பூச்சியின் பக்கவாட்டில் இதை வைத்தால் கண் வைத்த மாதிரி இருக்கும். 'ஜாக் ஸ்காட்' போன்ற பெயர்பெற்ற ஃப்ளைகளில் இந்த இறகு கட்டாயம். அதாவது ஸ்காட்லாந்து நதியில் ஒரு பிரபு சால்மன் பிடிக்க, முதுமலையிலோ ஆனைமலையிலோ ஒரு சேவல் செத்திருக்க வேண்டும்.

1902இல் பிரிட்டிஷ் இந்திய அரசு காட்டுப் பறவைகளின் தோலையும் இறகையும் ஏற்றுமதி செய்யத் தடை விதித்தது. சீமைப் பெண்களின் தொப்பிக்காகக் கொக்குகளைக் கொன்று குவித்ததுதான் முக்கியக் காரணம். காட்டுக்கோழியும் அந்தத் தடைக்குள் வந்தது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையும் கட்டுப்படுத்தியது. இன்று பிரிட்டனில் பண்ணையில் வளர்த்த காட்டுக்கோழிகளின் கழுத்துத்தோல்தான் சட்டப்படி விற்பனைக்கு வருகிறது, நல்ல விலைக்கு. இறகுப் பைத்தியம் என்னவோ போகவில்லை. 2009இல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் 299 பறவைத் தோல்கள் திருடு போயின. திருடியது ஃப்ளை கட்டுவதில் வெறிகொண்ட ஓர் இசைக் கல்லூரி மாணவர்.

கழியின் கதையும் இதே மாதிரிதான். மூங்கிலைச் சீவி ஆறு பட்டைகளாக ஒட்டிச் செய்யும் தூண்டில் கழி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரபலமானது. ஆரம்பத்தில் அதற்குப் பயன்பட்டது 'கல்கத்தா மூங்கில்' என்று வியாபாரத்தில் பெயர் பெற்ற இந்திய மூங்கில். சீனத்து டாங்கின் மூங்கில் வந்து அதன் இடத்தைப் பிடித்தது பிறகுதான். இறகு ஒரு பக்கம், மூங்கில் ஒரு பக்கம் என்று நம் காடுகளை எடுத்துக்கொண்டு போய், அதை ஆங்கிலேயனுக்கே உரிய கலை என்று பெயர் சூட்டி, திரும்ப ஊட்டிக்குக் கொண்டுவந்தார்கள். இதில் கோபப்பட ஒன்றுமில்லை, வியாபாரம் அப்படித்தான். ஆனால் 'இது நம்ம ஊர் சமாச்சாரம் இல்லையே' என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லலாம்.

சரி, கலெக்டருக்கு வருவோம். ஹென்றி சல்லிவன் தாமஸ், மெட்ராஸ் சிவில் சர்வீஸ். மங்களூரைத் தலைநகராகக் கொண்ட தென் கன்னட மாவட்டத்தில் கலெக்டராக இருந்தார். அந்த மாவட்டம் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. 1870இல் அங்கே மீன்வளம் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். 1873இல் 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகத்தை மங்களூரிலேயே அச்சிட்டு வெளியிட்டார். மஹ்சீர் பிடிப்பதுதான் அதில் பிரதானம். இன்றும் தூண்டில்காரர்கள் அதை மஹ்சீருக்காகத்தான் தேடிப் படிக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1887இல் வந்த அவருடைய இன்னொரு புத்தகம், 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா'. தலைப்பிலேயே ஏரி. மலையும் அருவியும் இல்லாத சமவெளிக் கச்சேரிகளில் மாட்டிக்கொண்ட அதிகாரி, பக்கத்து ஏரியிலும் குளத்திலும் என்ன பிடிக்கலாம் என்பதற்கான கையேடு அது.

அந்த வருஷத்தைக் கவனிக்கவேண்டும். அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1886இல், இங்கிலாந்தில் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட் மிதக்கும் ஃப்ளை பற்றிய புத்தகத்தை வெளியிட்டிருந்தார். அதிலிருந்து கிளம்பியது ஒரு மடி ஆசாரம். டிரவுட் மட்டும்தான் மீன், மிதக்கும் ஃப்ளை மட்டும்தான் தூண்டில், அதையும் நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில்தான் வீசவேண்டும், மற்றதெல்லாம் அநாகரிகம். டிரவுட்டும் சால்மனும் அல்லாத நன்னீர் மீனுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரே 'முரட்டு மீன்' என்கிற அர்த்தத்தில் வரும். கெண்டை வகையறா எல்லாம் அந்தக் கூடையில்தான்.

அந்தச் சமயத்தில் தாமஸ், கெண்டை வகைகளுக்கு ஃப்ளை போடுவதைப் பற்றி எந்தக் கூச்சமும் இல்லாமல் எழுதினார். தென்னாட்டு ஆறுகளின் 'கர்நாடகக் கெண்டை' ஃப்ளைக்கு வரும் என்று பக்கம் பக்கமாக எழுதினார். அந்த மீனுக்கு அறிவியல் பெயர் கொடுத்தவர் 1849இல் ஜெர்டன், அவரும் சென்னை மாகாண டாக்டர்தான். அதைவிட, விரல் நீளமே உள்ள 'சில்வா' என்கிற மீனைக்கூட தாமஸ் விட்டுவைக்கவில்லை. மிகச் சின்ன முள், மிகச் சின்ன ஃப்ளை போட்டால் அது நல்ல விளையாட்டு என்றார். சில்வா என்பது இந்துஸ்தானிப் பெயர். நம் பக்கம் அது வெள்ளிச்சி, வெள்ளிச்சிக் கெண்டை.

ஏரிக்கரையில் வளர்ந்த யாருக்கும் வெள்ளிச்சியைத் தெரிந்திருக்கும். தட்டையான உடம்பு, வெள்ளித் தகடு மாதிரி மின்னும். தண்ணீரின் மேல்மட்டத்திலேயே கூட்டமாகத் திரியும். கையில் எடுத்து அதன் வாயைப் பாருங்கள், மேல்நோக்கித் திறந்திருக்கும். அயிரையின் வாய் கீழே பார்த்திருக்கும், அது தரையில் மேய்கிற மீன். வெள்ளிச்சி மேலே விழுவதைத் தின்கிற மீன். மீனின் வாயைப் பார்த்தே அது ஃப்ளைக்கு வருமா வராதா என்று பாதி சொல்லிவிடலாம்.

மேலே விழுவது என்றால் இங்கே என்ன விழும்? ஈசல். ஐரோப்பிய ஓடைகளில் ஃப்ளை கட்டுகிறவர்கள் எந்த மாதம் எந்தப் பூச்சி தண்ணீரிலிருந்து கிளம்பும் என்று பஞ்சாங்கம் வைத்திருப்பார்கள். நம்மிடம் அந்தப் பஞ்சாங்கம் ஒரே வரிதான்: மழை விட்ட சாயங்காலம். புற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் கிளம்பி, கொஞ்ச தூரம் பறந்து, இறக்கை உதிர்ந்து விழும். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் புற்றுக்குப் பக்கத்தில் குழியும் விளக்கும் வைத்து ஈசல் பிடிப்பார்கள், வறுத்துத் தின்பார்கள். ஏரிக்கரையில் புற்று இருந்தால் பாதி ஈசல் தண்ணீரில்தான் விழும். அந்த அரைமணி நேரம் ஏரி முழுக்க வட்டம் வட்டமாக விரியும். வெள்ளிச்சி, சின்னக் கெண்டைகள், தலையில் வெள்ளைப் பொட்டு வைத்த அந்தப் பொடி மீன், பனையேறி எல்லாம் மேலே வந்துவிடும். ஃப்ளை தூண்டில் போட இதைவிட நல்ல நேரம் உலகத்தில் எந்த நதியிலும் கிடையாது என்பேன்.

பனையேறி என்றதும் இன்னொரு கிளைக்கதை. 1791இல் தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனி அதிகாரி டால்டார்ஃப் இந்த மீன் பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாகச் சொல்ல, 1797இல் அது லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. அதே தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற பாதிரியார் தமிழகக் கரையின் மீன்களைச் சேகரித்து பெர்லினில் இருந்த பிளாக் என்ற மீனியலாளருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பிளாக் ஒரு கத்தாளை வகைக்கு அவர் பெயரை வைத்து ஜோனியஸ் என்றார். அதில் ஓர் இனத்தின் பெயர் ஜோனியஸ் கருட்டா. 'கருட்டா' லத்தீன் இல்லை, நம்ம 'கருத்த'தான். தரங்கம்பாடிக் கரையில் யாரோ ஒருவர் 'இது கருத்த கத்தாளைங்க' என்று சொன்னது 230 வருஷமாக உலகம் பூரா லத்தீனாக உலவுகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மீன்களைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதியதில் பெரும்பங்கு பெயர் தெரியாத மீனவர்கள் சொன்னது. பிரான்சிஸ் டே என்ற ராணுவ டாக்டர் சென்னையில் இருந்தவர், இந்தியாவின் மீன்வளத் தலைமை இன்ஸ்பெக்டர் ஆனவர். 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வந்த அவருடைய 'இந்திய மீன்கள்' நூலில் ஒவ்வொரு மீனுக்கும் கிடைத்த மட்டும் தமிழ், தெலுங்கு, மலையாளம் என்று உள்ளூர்ப் பெயர் கொடுத்திருக்கிறார். ஆங்கில எழுத்தில் மாட்டிக்கொண்டு அந்தப் பெயர்கள் படுகிற பாடு தனி. ஆனாலும் மெதுவாக வாய்விட்டுப் படித்தால் வெள்ளிச்சியும் கெளுத்தியும் விராலும் உயிரோடு எழுந்து வரும். டே சேகரித்த மீன்கள் லண்டன், கல்கத்தா, ஆஸ்திரேலியாவின் சிட்னி வரை சீசாக்களில் போய் உட்கார்ந்திருக்கின்றன.

டேயும் தாமஸும் வெறும் தூண்டில் ரசிகர்கள் மட்டும் இல்லை. மீன் குறைகிறது என்று கத்தியவர்கள். டே 1873இல் கொடுத்த நன்னீர் மீன்வள அறிக்கையில் இரண்டு குற்றச்சாட்டு உண்டு. ஒன்று, வயல் வாய்க்காலிலும் மதகிலும் பறி வைத்துக் குஞ்சுமீன்களை அள்ளுவது. இன்னொன்று, ஆறுகளின் குறுக்கே கட்டிய அணைக்கட்டுகளில் மீன் ஏற வழி விடாதது. கொள்ளிடத்தில் உல்லம் மீன் முட்டையிட மேலே ஏறமுடியாமல் அணையில் முட்டி நிற்பது அவருக்குப் பெரிய கவலை. கடைசியில் வந்த 1897ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டம், வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது. வலைக்கண் அளவு, நிலையான பொறிகள் ஆகியவற்றுக்கு விதி போட மாகாண அரசுகளுக்கு அதிகாரம் கொடுத்தது. விஷமும் வெடியும் தடைபட்டது நல்லதுதான். ஆனால் பறி வைத்த குடியானவனைத் தட்டிக்கேட்பது சுலபம், அணை கட்டிய சர்க்கார் தன்னைத்தானே தட்டிக்கேட்காது என்பதும் அதில் தெரிகிறது.

சர்க்கார் அதிகாரிகளின் இன்னொரு ஆசை டிரவுட். 1860களிலேயே டே இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டைகளை நீலகிரிக்குக் கொண்டுவரப் பார்த்தார், பலிக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் முயற்சியில் வானவில் டிரவுட் அவலாஞ்சியில் வேர்பிடித்தது. 1907இல் ஃபிரெடரிக் நிக்கல்சன் தலைமையில் சென்னை மாகாணத்துக்கு மீன்வளத்துறை தொடங்கியதும் அதே காலம்தான். நிக்கல்சனின் அக்கறை கடல் மீனவர்களின் வயிறு. ஆனால் ஃப்ளை தூண்டில் என்றால் நீலகிரி டிரவுட் என்று ஆகிவிட்டது. ஏரியும் வெள்ளிச்சியும் புத்தகத்தோடு நின்றுவிட்டன. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். வெளியூர் மீனைக் கொண்டுவந்து விட்டு அதைப் பிடிப்பதை விளையாட்டு என்றார்கள். இங்கேயே ஈசலுக்குத் துள்ளிய மீனை அந்த விளையாட்டுக்குக் கூப்பிட ஒரு தாமஸ்தான் இருந்தார்.

ஊர்க்காரர்களுக்கோ ஏரி மீன் விளையாட்டே இல்லை, வரும்படி. சோழர் காலக் கல்வெட்டுகளில் மீன்பாட்டம், பாசிப்பாட்டம், ஏரிமீன்காசு என்றெல்லாம் வரும். ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்கான குத்தகைப் பணம் அது. பல ஊர்களில் அந்தப் பணம் அதே ஏரியைத் தூர் எடுக்கச் செலவானது. நம் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே உத்திரமேரூரில், 919, 921ஆம் ஆண்டுகளின் பராந்தகன் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்று தனிக் குழு. தாமஸுக்கு 950 வருஷம் முன்னாலேயே ஏரியை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு ஊரில் ஏற்பாடு இருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், இன்றைக்கும் அரசுத் துறைகளும் ஊராட்சிகளும் விடுகிற ஏலத்துக்குப் பெயர் 'மீன் பாசி குத்தகை'. பாசி என்றால் தண்ணீரில் படரும் பாசி என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அது பழைய பாசிப்பாட்டத்தின் பாசி, மீன்பிடி உரிமை என்கிற பொருள். வார்த்தை தப்பிவிட்டது. தூர் வாருகிற பாதியை ஊர் விட்டுவிட்டது.

இனி இன்றைய நிலவரம். குத்தகை எடுத்தவர் ஏரியில் விடுவது கட்லா, ரோகு, மிர்கால். மூன்றும் கங்கைச் சமவெளியின் மீன்கள். 1957இல் ஒடிசாவின் கட்டாக்கில் ஹிராலால் சௌத்ரி ஹார்மோன் ஊசி போட்டு இவற்றைக் குளத்திலேயே முட்டையிட வைத்த பிறகு குஞ்சு மலிவாகி நாடு முழுக்கப் பரவின. வயிறு நிறைந்தது, அதைக் குறை சொல்லமுடியாது. ஜிலேபி, அதாவது திலாப்பியா, 1952இல் இந்தியாவுக்குள் வந்தது. சாக்கடைத் தண்ணீரிலும் தாங்கும், வாயிலேயே குஞ்சு காக்கும். அதை ஏரியிலிருந்து எடுக்க இனி யாராலும் முடியாது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க 2000இலேயே மத்திய அரசு தடை போட்டும் குட்டைகளில் அது இல்லாமல் இல்லை. மீன்தொட்டியிலிருந்து தூக்கிப் போட்ட 'டேங்க் கிளீனர்' வேறு.

இவர்களை ஃப்ளை தூண்டில்காரன் கண்ணால் பாருங்கள். கெளுத்தி மீசையால் தடவி இரை தேடும், கலங்கலான தண்ணீர் அதற்குப் பிரச்சினையே இல்லை, மேலே பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை. டேங்க் கிளீனர் தரையைச் சுரண்டும். மிர்கால் சேற்றில் மேயும். ஜிலேபி மட்டும் எப்போதாவது சின்ன ஃப்ளையைக் கவ்வும். சென்னைப் பக்கம் இன்று ஃப்ளை போடுகிற இளைஞர்கள் பெரும்பாலும் அதில்தான் கைப்பழக்கம் எடுக்கிறார்கள். பார்த்து, மேலே வந்து, கவ்வுகிற மீன்கள்தான் ஒவ்வொன்றாகப் போயின. சோப்புநுரையும் எண்ணெய்ப்படலமும் மிதக்கிற தண்ணீரில், ஆகாயத்தாமரை மூடிய ஏரியில், மேல்மட்டத்தில் பிழைக்கிற மீனுக்கு மேல்மட்டமே இல்லை. மீன் கணக்கெடுப்பில் கிலோதான் எண்ணப்படும். வெள்ளிச்சி போனால் கிலோவில் ஒன்றும் குறையாது.

விரால் ஒன்று தாக்குப்பிடிக்கிறது. காற்றை நேராகச் சுவாசிக்கும் மீன், தண்ணீரில் பிராணவாயு குறைந்தாலும் மேலே வந்து ஒரு வாய் மூச்சு வாங்கிவிடும். மான் ரோமத்தால் தவளை மாதிரி செய்த ஃப்ளையைத் தாமரை இலைகளுக்கு நடுவே இழுத்தால் பாய்ந்து அடிக்கும். ஒரே ஒரு வேண்டுகோள். செந்நிறக் குஞ்சுகள் உருண்டையாகத் திரிகிற இடத்தில் தூண்டில் போடாதீர்கள். தாய் தகப்பன் இரண்டும் காவலுக்கு நிற்கும், எது வந்தாலும் கடிக்கும். அப்போது பிடிப்பதில் சாமர்த்தியம் ஒன்றுமில்லை, பெரியதை எடுத்த பத்து நிமிஷத்தில் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை.

மீன் வகை எத்தனை என்பது கடைசியில் தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்பதில் வந்து நிற்கிறது. தாம்பரத்துக்குக் கிழக்கே இருக்கிற ஏரிகள் தனித்தனி ஏரிகள் இல்லை, ஒரு சங்கிலி. செம்பாக்கத்தின் கலங்கல் வழிந்தால் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், முட்டுக்காடு, கோவளத்து முகத்துவாரம், கடல். கீழிருந்து மேலேயும் இதே வழிதான். மொரான் கெண்டை கடலில் முட்டையிட்டு, குஞ்சாகக் கழிமுகத்துக்கும் உள்நாட்டுக் குட்டைகளுக்கும் ஏறி வளர்கிற மீன். அமெரிக்காவில் ஃப்ளைக்காரர்கள் உயிரைவிடும் டார்பனின் சின்னத் தம்பி. இதுவும் மேலே வாய் திறந்த மீன், ஃப்ளையைக் கண்டால் எகிறிக் குதிக்கும். கொடுவா உப்புநீரிலிருந்து நன்னீருக்கும் மாறி வாழும். காலா கழிமுகத்தோடு நிற்கும். தாமஸ் கழிமுகத் தூண்டிலுக்குச் சிபாரிசு செய்த மீன்களில் கொடுவாவும் காலாவும் உண்டு. முட்டுக்காட்டில் சாயங்காலம் ஓதம் ஏறும்போது நின்று பார்த்தால், இறால் குஞ்சைத் துரத்திக்கொண்டு கொடுவா தண்ணீரை 'டப்' என்று அடிக்கிற சத்தம் இன்றும் கேட்கும்.

இந்த வழி திறந்திருந்தால் ஒரே மழைக்காலத்தில், வண்டியில் அரைமணி நேரத் தூரத்துக்குள், வெள்ளிச்சியிலிருந்து மொரான் கெண்டை வரை ஃப்ளைக்குப் பார்க்கலாம். எந்த டிரவுட் ஓடையிலும் இந்த வகைவகை கிடையாது. ஆனால் பல்லாவரம் பெரிய ஏரி நடுவே ரேடியல் ரோடு போகிறது. பள்ளிக்கரணையின் ஓரத்தில் பெருங்குடிக் குப்பைமேடு. போக்குக் கால்வாய்கள் பல இடத்தில் வீட்டு மனை. டே கொள்ளிடத்து அணையைப் பார்த்துக் கேட்ட கேள்வியை இங்கே கான்கிரீட் குழாயைப் பார்த்துக் கேட்கவேண்டியிருக்கிறது: மீன் எந்த வழியாக ஏறும்?

கொஞ்சம் நல்ல சேதியும் இருக்கு. 2022இல் பள்ளிக்கரணை ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது, சுமார் 1,247 ஹெக்டேர். அங்கே காப்புக்காட்டுப் பகுதியில் தூண்டில் போடுவது சட்டப்படி குற்றம், அது சரியும்கூட. குஞ்சு வளர ஓர் இடமாவது கலையாமல் இருக்கட்டும். செம்பாக்கம் ஏரியில் சீரமைப்பு வேலை நடந்திருக்கிறது. சிட்லபாக்கத்தில் ஊர்க்காரர்களே பல வருஷம் விடாமல் போராடி வேலை வாங்கினார்கள். கட்டணம் கட்டித் தூண்டில் போட்டுப் பழகவேண்டும் என்றால் நகரத்துக்குள் சேத்துப்பட்டு ஏரிப் பூங்கா இருக்கு, மீன்வளத்துறையுடையது, 2016இல் திறந்தது. ஏரிகளில் போடுவதற்கு முன் குத்தகைதாரரைக் கேட்டுக்கொள்ளுங்கள், மீன் அவர் காசு கொடுத்து விட்டது.

நான் இப்போது செய்துகொண்டிருப்பது தூண்டில் இல்லாத வேலை. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட சாயங்காலங்களில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் கரைகளில் நின்று, ஈசல் விழும்போது தண்ணீரில் வட்டம் வருகிறதா என்று தேதி போட்டுக் குறித்து வைக்கிறேன். வட்டம் வந்தால், வெள்ளிச்சியா, ஜிலேபிக் குஞ்சா என்று பார்க்க ஒரு பைனாகுலர். உங்கள் ஏரியில் வெள்ளிச்சியைக் கடைசியாக எந்த வருஷம் பார்த்தீர்கள், அதற்கு உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன பெயர் சொல்வார்கள் என்று எழுதினால் அந்த நோட்டில் சேர்த்துக்கொள்வேன். மேடவாக்கம், வேங்கைவாசல், அகரம்தென் பக்கத்துக்காரர்கள் முக்கியமாக எழுதுங்கள். அந்தப் பக்கத்துப் பக்கங்கள் இன்னும் காலியாக இருக்கின்றன.